கண்ணாடியிடம் பாடம் கேட்டவர்

அலெக்சாண்டர் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? படை நடத்தி வந்து சிந்து நதிக்கரையை எட்டிய மாவீரன் அலெக்சாண்டர்தானே!

இவர் வேறு அலெக்சாண்டர். இவர் நாடு பிடிக்கவில்லை, வாள் எடுக்கவில்லை. இவரிடம் இருந்த ஆயுதம் ஒரு நிலைக்கண்ணாடி!

அந்தக் கண்ணாடியைக் கொண்டு, இழந்த குரலை இவர் மீட்டார். மனிதன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக் கொள்கிறான் என்பதையும் கண்டுபிடித்தார். நடிகர்களும் அறிஞர்களும் மந்திரிகளும் இவரிடம் பாடம் கேட்டார்கள். பந்து அடிக்கிறவர்களுக்கும் இவர் வழி சொன்னார்.

இவருடைய முழுப் பெயர் பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்ற தீவு இருக்கிறது. அங்கே வின்யார்டு என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 1869-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி அலெக்சாண்டர் பிறந்தார்.

தகப்பனார் கொல்லர். தாயார் அக்கம்பக்கத்தில் பிரசவம் பார்ப்பவர்.

பாட்டனார் இங்கிலாந்தில் இருந்தவர். அந்த நாட்டில் கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்தன. ஏழைகளின் கூலி போயிற்று. 1830-ல் ஆத்திரம் கொண்ட கூலியாட்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். அதற்காக நாடு கடத்தப்பட்டவர்களில் அலெக்சாண்டரின் பாட்டனாரும் ஒருவர். கப்பலில் டாஸ்மேனியாவுக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது.

அலெக்சாண்டர் குறை மாதத்தில் பிறந்தவர். அடிக்கடி நோய் வரும். மூச்சுத் திணறும். தாயார் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்.

பள்ளிக்கூடத்தில் ஓயாமல் கேள்வி கேட்பான் பையன். எதைச் சொன்னாலும் அது எப்படி என்று கேட்பான். ஆசிரியர் நல்லவர். அவனுக்கு மாலை வேளையில் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஆசை பிறந்தது அப்போதுதான்.

குதிரை என்றால் உயிர். ஷேக்ஸ்பியர் என்றாலும் உயிர். ஆனால் வீட்டில் வறுமை. வயது பதினேழு ஆகும்போது ஒரு தகரச் சுரங்கக் கம்பெனியில் குமாஸ்தா வேலையில் இருந்தார். மூன்று ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தார். பிறகு கப்பல் ஏறி மெல்போர்ன் நகரத்துக்குப் போனார்.

அங்கே நாடகங்கள் பார்த்தார். இசைக் கச்சேரிகள் கேட்டார். கையிலிருந்த பணம் கரைந்தது. மீண்டும் குமாஸ்தா வேலை பார்த்தார். ஓய்ந்த நேரமெல்லாம் பேச்சுப் பயிற்சி செய்தார்.

மேடையில் போன குரல்

அந்தக் காலத்தில் அங்கே ஒரு கலை இருந்தது. ஒருவர் தனியாக மேடையில் நிற்பார். கவிதைகளையும் நாடக வசனங்களையும் உணர்ச்சியோடு சொல்வார். ஜனங்கள் சீட்டு வாங்கி வந்து கேட்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும்.

அலெக்சாண்டர் அந்தத் தொழிலில் இறங்கினார். பெயரும் கிடைத்தது.

அப்போது வந்தது ஆபத்து. பேசப் பேசத் தொண்டை கரகரத்தது. குரல் கம்மியது. அவர் வாயால் காற்றை இழுக்கும் சத்தம் சபையில் கேட்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள்.

பாடகனுக்கும் பேச்சாளனுக்கும் குரல்தான் மூலதனம். அது போனால் சோறு போயிற்று!

அலெக்சாண்டர் டாக்டரிடம் போனார். மருந்து போட்டார்கள். குணம் தெரிந்தாலும், மேடை ஏறினால் மறுபடியும் கரகரப்புத்தான்.

ஒரு சமயம் முக்கியமான நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஒப்புக் கொள்ளவே அவருக்குப் பயம். இரண்டு வாரம் பேச்சைக் குறைத்துக் கொண்டால் குரல் சரியாகி விடும் என்று டாக்டர் உறுதி சொன்னார். அப்படியே செய்தார். கரகரப்பு அடியோடு மறைந்தது.

நிகழ்ச்சி தொடங்கியது. குரல் கணீர் என்று ஒலித்தது. பாதி நேரம் ஆயிற்று. குரல் உடையத் தொடங்கியது. முடியும்போது பேசவே முடியவில்லை!

கேட்டாரே ஒரு கேள்வி!

மறுநாள் டாக்டரைப் பார்த்தார். சிகிச்சையைத் தொடரலாம் என்றார் டாக்டர். அலெக்சாண்டர் சம்மதிக்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கும்போது தொண்டை நன்றாக இருந்தது. முடியும்போது கெட்டு விட்டது. அப்படியானால் இடையில் நானே ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் அல்லவா என்று அவர் கேட்டார்.

டாக்டர் யோசித்தார். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

நான் செய்கிற தவறு என்ன என்று அலெக்சாண்டர் கேட்டார். அதைச் சொல்லத் தமக்குத் தெரியவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் ஒப்புக் கொண்டார்.

அப்படியானால் நானே கண்டுபிடிக்கிறேன் என்று அலெக்சாண்டர் கிளம்பினார். கண்டுபிடிக்க அவருக்கு என்ன இருந்தது? படிப்புப் பட்டம் இல்லை. ஆராய்ச்சிச் சாலை இல்லை. ஒரு கண்ணாடி வாங்கினார்!

கண்ணாடி சொன்ன மூன்று குற்றம்

கண்ணாடிக்கு முன் நின்றார். முதலில் சாதாரணமாகப் பேசினார். எதுவும் தெரியவில்லை. பிறகு மேடையில் சொல்வது போல வசனம் சொன்னார். உடனே மூன்று குற்றங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று: தலை பின்னால் சாய்ந்து பிடரியில் அழுந்தியது.

இரண்டு: குரல்வளை கீழே அமுங்கியது.

மூன்று: காற்றை வாயால் சத்தத்தோடு இழுத்தார்.

மறுபடியும் சாதாரணப் பேச்சைக் கவனித்தார். அதிலும் இதே மூன்றும் இருந்தன! அளவு குறைவு. அதனால்தான் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை.

எதை முதலில் திருத்துவது? குரல்வளையை நேராகத் திருத்த முடியவில்லை. மூச்சையும் திருத்த முடியவில்லை. தலை பின்னால் போவதை மட்டும் ஓரளவு தடுக்க முடிந்தது. அதைத் தடுத்தவுடன் மற்ற இரண்டும் தாமாகக் குறைந்தன! கரகரப்பும் குறைந்தது.

தலையும் கழுத்தும் முதுகும் ஒன்றோடொன்று எப்படி அமைகின்றன என்பதுதான் முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. முன்பு மேடைப் பேச்சு சொல்லிக் கொடுத்த ஒருவர், தரையைக் காலால் பற்றிக் கொண்டு நிற்க வேண்டும் என்று கற்பித்திருந்தார். அதற்காகக் கால் விரல்களை இறுக்கி இறுக்கி, உடம்பு முழுவதும் முறுக்கேறி இருந்தது. தொண்டையில் தெரிந்த நோய், உச்சி முதல் உள்ளங்கால் வரை பரவிய பழக்கமாக இருந்தது.

மூன்று கண்ணாடிகள்

தலையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. முன்னும் மேலுமாக உயர விட வேண்டும். இதுதான் மருந்து என்று முடிவு செய்தார். அப்படியே பேசினார். சரியாகத்தான் செய்கிறோம் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஆனால் தொல்லை முழுவதும் போகவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாடிகளை வைத்தார். இப்போது மூன்று கண்ணாடிகள்! பக்கவாட்டிலும் தம்மைப் பார்க்கலாம்.

பேசினார். பார்த்தார். திகைத்துப் போனார்!

வாய் திறக்கும் அந்தக் கணத்தில் தலை முன்னால் போகவில்லை. பழையபடி பின்னால்தான் போயிற்று! முன்னே வைக்கிறேன் என்று அவர் நம்பிக் கொண்டிருந்தார். உடம்பு நேர்மாறாகச் செய்து கொண்டிருந்தது.

அன்று வரை, தாம் செய்வது தமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்? அந்த நம்பிக்கையைக் கண்ணாடி உடைத்து விட்டது.

ஏன் இப்படி ஆகிறது?

வாசகர்களே, இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு கைகளின் விரல்களையும் கோத்துக் கொள்ளுங்கள். எந்தக் கட்டைவிரல் மேலே இருக்கிறது? இப்போது எல்லா விரல்களையும் ஒரு விரல் தள்ளி மாற்றிக் கோத்துப் பாருங்கள். மற்றக் கட்டைவிரல் மேலே வரட்டும். அது யாருடைய கையோ போலத் தோன்றுகிறது அல்லவா?

இரண்டிலும் தவறு இல்லை. ஒன்று பழகியது, மற்றொன்று பழகாதது. அவ்வளவுதான். பழகியதைச் சரி என்றும், பழகாததைத் தப்பு என்றும் உடம்பு சொல்கிறது.

கோணல் பழகிப் போனால் கோணலே நேர் என்று தோன்றும்! அலெக்சாண்டரிடம் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். அவள் உடம்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அலெக்சாண்டர் தம் கைகளால் அவளை மெல்ல நேராக்கினார். பார்த்த எல்லோருக்கும் அவள் நேராகத் தெரிந்தாள். அந்தக் குழந்தையோ தாயிடம், இவர் என்னைக் கோணலாக்கி விட்டார் என்று முறையிட்டாளாம்! இதை அவர் தம் நூல் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

நில், பிறகு செய்

குற்றம் தெரிந்து விட்டது. ஆனால் திருத்துவது எப்படி? பேச வேண்டும் என்று நினைத்தவுடனே பழக்கம் முந்திக் கொள்கிறதே!

அலெக்சாண்டர் ஒரு தந்திரம் செய்தார். ஒரு வாக்கியம் சொல்லத் தீர்மானிப்பார். ஆனால் உடனே சொல்ல மாட்டார். சும்மா நிற்பார். தலை எப்படி, கழுத்து எப்படி, முதுகு எப்படி இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் உத்தரவு போடுவார். கடைசிக் கணத்தில் புதிதாக முடிவு செய்வார். சில சமயம் பேசுவார். சில சமயம் பேசாமலே விட்டு விடுவார். சில சமயம் பேசுவதற்குப் பதிலாகக் கையை மட்டும் தூக்குவார்!

பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வேலை போல இருக்கும். ஆனால் பழக்கம் இதனால் ஏமாந்தது. பேசியே தீர வேண்டும் என்ற அவசரம் போயிற்று. அவசரம் போனதும் தலை பின்னால் போவதும் நின்றது.

மாதங்கள் ஓடின, ஆண்டுகளும் ஓடின. அவர் விடவில்லை. கரகரப்பு ஒழிந்தது. சிறு வயது முதல் தொல்லை கொடுத்த மூச்சுத் திணறலும் நீங்கியது. மீண்டும் மேடை ஏறினார். குரல் மணி போல ஒலித்தது!

லண்டனில் புகழ்

குரல் கெட்ட நடிகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதே டாக்டர்களில் சிலரும் நோயாளிகளை அனுப்பினார்கள். மெல்போர்னிலும் பிறகு சிட்னியிலும் பாடம் நடத்தினார். தம்பிக்கும் இந்த முறையைக் கற்றுக் கொடுத்தார்.

1904-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 35. அங்கும் நடிகர்கள் வந்தார்கள். நாளடைவில் பெரிய மனிதர்களும் வந்தார்கள்.

அமெரிக்க அறிஞர் ஜான் டூயி அவரிடம் பாடம் கேட்டார். அவருடைய மூன்று நூல்களுக்கு முன்னுரையும் எழுதினார். நாடக மேதை பெர்னாட்ஷா எண்பது வயதில் வந்தார். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி வந்தார். 1942-ல் இந்தியாவுக்குத் தூது வந்தாரே சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ், அவரும் இவரிடம் பாடம் கேட்டவர்தான்!

பாடம் என்ன தெரியுமா? நாற்காலியில் உட்காருவது! நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது! கொல்லர் மகன் சொல்ல, உலகம் புகழும் அறிஞர்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். அலெக்சாண்டர் அவர்கள் கழுத்திலும் முதுகிலும் மெல்லக் கை வைப்பார். எங்கே இறுக்குகிறார்கள் என்று காட்டுவார். முன்பு கண்ணாடி செய்த வேலையை இப்போது அவர் கை செய்தது.

பந்தைப் பார்க்காத ஆட்டக்காரர்

1932-ல் அலெக்சாண்டர் எழுதிய நூல் வெளிவந்தது. கண்ணாடிக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதே நூலில் கோல்ப் ஆட்டக்காரரைப் பற்றி ஓர் அத்தியாயமும் எழுதினார்.

கோல்ப் என்பது சிறு பந்தை நீண்ட தடியால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் போடும் ஆட்டம். பந்து தரையில் அசையாமல் கிடக்கும். அடிப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் தடியை வீசும்போது தலை நிமிர்ந்து விட்டால் அடி தவறும்.

பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று பயிற்சியாளர் சொல்கிறார். ஆட்டக்காரரும் எடுக்கக் கூடாது என்று உறுதி செய்கிறார். தடியை வீசுகிறார். கண் போய் விடுகிறது! மறுபடியும் உறுதி, மறுபடியும் தவறு. ஆட்டக்காரருக்கு அழுகையே வரும்.

அவருக்கு அக்கறை இல்லையா? நிறைய இருக்கிறது. அந்த அக்கறைதான் தொல்லை என்றார் அலெக்சாண்டர்.

பந்தை ஓங்கி அடிக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் பழைய பழக்கம் முழுவதும் கூடவே வருகிறது. தலை நிமிர்வதும் அதில் சேர்ந்தது. அப்படி அடிப்பதுதான் அவருக்குச் சரியாகத் தோன்றுகிறது. உண்மையிலேயே சரியாக அடித்தால் தப்பாகத் தோன்றும். ஆகவே அவர் சரியானதை விட்டு, சரியாகத் தோன்றுவதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். உழைக்க உழைக்கக் குற்றம்தான் பலப்படுகிறது.

இதற்கு அலெக்சாண்டர் சொன்ன வழி என்ன? முதலில் பந்தை மற. அடிக்க வேண்டும் என்ற அவசரத்தை நிறுத்து. உடம்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கற்றுக் கொள். புது முறை விசித்திரமாகத் தோன்றினாலும் விடாதே. சில அடிகள் தவறினாலும் கவலைப்படாதே. இதுதான் அவர் யோசனை.

இன்று கோல்ப் பயிற்சி நடக்கும் பல இடங்களில் வீடியோ காமிரா இருக்கிறது. பந்து கிளம்பிய வேகத்தையும் திசையையும் அளந்து சொல்லும் ராடார் கருவியும் இருக்கிறது. படத்தை மெதுவாக ஓட விட்டால், தலை எந்தக் கணத்தில் அசைந்தது என்று தெரிந்து விடும். அலெக்சாண்டரின் மூன்று கண்ணாடிகளுக்கு இவை பேரப் பிள்ளைகள் மாதிரி! ஆனால் கருவி குற்றத்தைக் காட்டும், திருத்தாது. நின்று, யோசித்துச் செய்யும் பொறுமை ஆட்டக்காரரிடம்தான் வர வேண்டும்.

கோர்ட்டில் வென்றார்

புகழோடு பகையும் வந்தது. 1944-ல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகை ஒன்றில், அலெக்சாண்டரின் முறை போலி வைத்தியம் என்று எழுதினார்கள். அவர் மான நஷ்ட வழக்குப் போட்டார்.

1947 டிசம்பரில் கீழே விழுந்தார். பாரிச வாயு தாக்கியது. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். 1948-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் வழக்கு நடந்தபோது அவருக்கு வயது 79. அவரால் அங்கே போக முடியவில்லை. தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. ஆயிரம் பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது. 1949-ல் அப்பீலிலும் வெற்றி!

படுக்கையில் விழுந்தவர் எழுந்தார். தம் முறையையே தமக்குச் சிகிச்சையாகச் செய்து, மறுபடியும் பாடம் நடத்தினார். 1955-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி லண்டனில் காலமானார். அப்போது வயது 86. குறை மாதத்தில் பிறந்த நோஞ்சான் குழந்தை 86 ஆண்டுகள் வாழ்ந்தது!

இறந்த பிறகு

1973-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் நிக்கோ டின்பர்கன். பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் அலெக்சாண்டரை அவர் வெகுவாகப் பாராட்டினார். தாமும் மனைவியும் மகளும் அந்தப் பாடம் கற்றுப் பலன் கண்டதாகச் சொன்னார்.

2008-ல் இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேர் அதில் கலந்து கொண்டார்கள். 24 பாடம் கேட்டவர்களுக்கு, ஓராண்டுக்குப் பிறகும் வலி உள்ள நாட்கள் மிகவும் குறைந்திருந்தன.

இந்த முறை எல்லா நோய்க்கும் மருந்து என்று எண்ணி விடக் கூடாது. முதுகுவலிக்குக் கிடைத்தது போன்ற சான்று மற்ற நோய்களுக்கெல்லாம் கிடைத்து விடவில்லை. ஆனால் அலெக்சாண்டர் கண்ட அடிப்படை உண்மை, மருந்தைவிடப் பெரியது.

நாம் கூன் போடுகிறோமா என்று நம் முதுகைக் கேட்டால், நேராகத்தான் இருக்கிறேன் என்று சொல்லும். பாடுகிற பெண் சுருதி சேர்கிறதா என்று தன் காதை மட்டும் கேட்டால் போதாது. பதிவு செய்து கேட்க வேண்டும். எழுதுகிற பையன் கோடு நேராக இருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும்.

தினமும் காலையில் கண்ணாடி முன் நிற்கிறோம். தலை வாருகிறோம், பொட்டு வைக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று திருப்தி அடைகிறோம். நாளைக்குக் கொஞ்ச நேரம் கூட நின்று பாருங்கள். எப்படி நிற்கிறோம், எப்படிப் பேசுகிறோம் என்று கவனியுங்கள். கண்ணாடி முகஸ்துதி செய்யாது. இருப்பதைச் சொல்லும். கேட்கத் துணிவுள்ளவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை!